பழைய செவ்ரலே பிக்கப்புக்குப் புது பிரேக்: எதை மாற்றலாம், எதில் கைவைக்கக் கூடாது?

'கார்ஸ்' படம் பார்த்த குழந்தைகளுக்கு மேட்டரைத் தெரியாமல் இருக்காது. உடம்பெல்லாம் துரு, முன்னால் துருத்திய பல், பின்னால் ஒரு கொக்கி. 2006-ல் வந்த அந்த அனிமேஷன் படத்தில் ஹீரோ என்னவோ சிவப்பு ரேஸ் கார்தான். ஆனால் மனதில் ஒட்டிக்கொண்டது அந்த ஓட்டை இழுவை வண்டி. உருண்டை முகம், இரு பக்கமும் புடைத்த மட்கார்டு, முழித்துப் பார்க்கிற மாதிரி இரண்டு விளக்கு. 1940, 50-களில் வந்த அமெரிக்க லாரிகளுக்கே உரிய சாயல் அது.

அந்தச் சாயல் உள்ள நிஜ வண்டிகளில் இன்றைக்கும் மவுசு குறையாத ஒன்று, செவ்ரலே 3100. நம்மூர் பொலிரோ பிக்கப் மாதிரி முன்னால் கேபின், பின்னால் திறந்த தொட்டி. 1947 கோடையில் அறிமுகமாகி 1955-ன் தொடக்கம் வரை தயாரானது. 'அட்வான்ஸ் டிசைன்' என்று கம்பெனி பெயர் வைத்தது. அரை டன் சுமக்கும் ரகம். கேபினுக்குள் ஒரே நீள சீட், மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். அமெரிக்காவில் விவசாயி, தச்சர், பிளம்பர் என எல்லோருடைய பிழைப்பும் இதில்தான் ஓடியது. தாத்தா வைக்கோல் ஏற்றிய வண்டியைக் கொட்டகையில் இருந்து இழுத்து வந்து, துரு நீக்கி, பெயின்ட் அடித்து ஓட்டும் பேரன்கள் அங்கே நிறைய.

மொபைலில் இந்த வண்டிகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். புல் பச்சையில் பெயின்ட், மர ரீப்பர் போட்ட தொட்டி, வெள்ளைப் பட்டை டயர். பார்க்க அவ்வளவு அழகு. படத்தில் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் வண்டி எங்கே போய் நிற்கும்?

இந்த வாரம் அதைப் பற்றித்தான். எஞ்சினுக்கும் பெயின்ட்டுக்கும் செலவு செய்துவிட்டு, மிச்சம் இருந்தால் பிரேக்கைப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

சாலை மாறிவிட்டது, வண்டி மாறவில்லை

அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளுக்கான சட்டத்தில் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டது 1956 ஜூனில். 3100 பிக்கப்பின் கடைசி வண்டியே அதற்கு முந்தைய ஆண்டு வெளியே வந்துவிட்டது. அதாவது, இன்று அது ஓடும் அகலச் சாலைகள் பிறப்பதற்கு முன்பே வடிவமைக்கப்பட்ட வண்டி இது. 90 குதிரை சக்தி கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின். பின் ஆக்ஸிலின் கியர் விகிதம் 4.11. சுமை இழுக்கும் தெம்பு உண்டு, ஓட்டம் கிடையாது. மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வரை சௌகரியமாகப் போகும். அதற்கு மேல் மிதித்தால் எஞ்சின் கதறும்.

இப்போது வாங்குபவர்கள் பெரும்பாலும் எஞ்சினை மாற்றிவிடுகிறார்கள், அல்லது பின் ஆக்ஸிலை மாற்றி ஓட்டத்தைக் கூட்டுகிறார்கள். 100-ல் போகத் தொடங்குகிறது. இங்கேதான் பள்ளிக்கூடத்து இயற்பியல் குறுக்கே வந்து நிற்கிறது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தத் தெரிந்த பிரேக்கிடம், 100-ல் போய் நான்கு மடங்கு வேலை கேட்கிறோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு சுமார் 28 மீட்டர் கடக்கும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். வண்டியின் எடையோ ஏறத்தாழ 1,450 கிலோ.

ஒரே அறை, நான்கு சக்கரம்

3100-ல் நான்கு சக்கரங்களுக்கும் ட்ரம் பிரேக்தான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் மெல்லிய இரும்புக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் போய், வீல் சிலிண்டரை விரித்து, பிரேக் ஷூவை ட்ரம்மின் உள்சுவரில் அழுத்தும். இதுவரை பிரச்னை இல்லை. இன்றைய பல கார்களின் பின் சக்கரத்திலும் இதே கதைதான்.

பிரச்னை மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிறது. அதில் ஒரே ஓர் அறை. நான்கு சக்கரத்துக்கும் போகும் ஆயில் அந்த ஓர் அறையில் இருந்தே போக வேண்டும். எங்காவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால், ஒரு வீல் சிலிண்டர் வாஷர் கிழிந்தால், துருப்பிடித்த குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால், மிதிக்கிற அழுத்தம் எல்லாம் அந்த ஓட்டை வழியாக வெளியேறிவிடும். பெடல் தரையைத் தொடும். நான்கு சக்கரத்திலும் பிரேக் கிடையாது. பாதி பிரேக், கால் பிரேக் என்ற பேச்சே இல்லை. மிச்சம் இருப்பது கை பிரேக்கும் கியரும்தான்.

இன்னொரு தகவலையும் சொல்ல வேண்டும். 1949-ல் இருந்து இந்த வண்டியின் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் நிமிர்த்தி வைக்கப்பட்டது. சீட் பெல்ட் என்ற ஒன்று அன்றைக்குக் கிடையாது. ஸ்டியரிங் கம்பி, மோதினால் மடங்காத ஒரே நீள இரும்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரனை நடு சீட்டில் உட்கார வைத்து ஐஸ்கிரீம் வாங்கக் கிளம்பும் தாத்தாவுக்கு, அந்த வண்டியில் இருக்கிற ஒரே பாதுகாப்புச் சாதனம் பிரேக்தான்.

அதனால், இந்த வண்டியில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வீர்கள் என்று கேட்டால், டிஸ்க் பிரேக் என்று சொல்ல மாட்டேன். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் என்றுதான் சொல்வேன். ஓர் அறை முன் சக்கரங்களுக்கு, இன்னோர் அறை பின் சக்கரங்களுக்கு. ஒன்று போனாலும் இன்னொன்று நிறுத்தும். அமெரிக்கக் கார்களில் 1960-களின் கடைசியில் இது கட்டாயமாகவே ஆக்கப்பட்டது. செவ்ரலே பிக்கப்புகளுக்கும் 1967 மாடலில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த வண்டிகளை ஓட்டும் நாம் யாரும் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. போட்டோவுக்கு நிற்காது, பார்த்துப் பாராட்டவும் யாரும் வர மாட்டார்கள். வண்டிக்கு அடியில் அழுக்கோடு அழுக்காகத் தொங்கும். ஆனாலும் அதுதான் முதல்.

3100-ல் இதைப் பொருத்துவதில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. அந்த மாஸ்டர் சிலிண்டர் இன்றைய கார் போல எஞ்சின் அறையில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்காது. டிரைவரின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் ஒளிந்திருக்கும். பெடலே தரையைத் துளைத்துக்கொண்டுதான் மேலே வரும். ஆயில் ஊற்ற வேண்டுமானால் காலடியில் ஒரு மூடியைத் திறக்க வேண்டும். அதனால்தான் பல வண்டிகளில் ஆயில் குறைந்ததை யாரும் கவனிக்காமலே விட்டிருப்பார்கள்.

ட்ரம்மா, டிஸ்க்கா?

ட்ரம் பிரேக்கை வில்லன் ஆக்க வேண்டிய அவசியம் இல்லை. நன்றாகச் சரி செய்த ட்ரம் நன்றாகவே பிடிக்கும். அதில் ஒரு சாமர்த்தியமும் உண்டு. சுழலும் ட்ரம், தன்னைத் தொடும் ஷூவைத் தன்னோடு இழுத்துப் போகப் பார்க்கும். அந்த இழுப்பிலேயே ஷூ இன்னும் இறுக்கமாக அழுந்தும். நாம் கொடுக்கும் கால் அழுத்தத்தைவிடப் பிடிப்பு அதிகமாகக் கிடைக்கும். 3100-ல் 1950 வரை ஹக் என்ற வகையும், 1951-ல் இருந்து பெண்டிக்ஸ் வகையும் வந்தன. பெண்டிக்ஸில் இந்தத் தானே இறுகும் குணம் தூக்கல். அதனால் 1950-க்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களில் சிலர், பிந்தைய வண்டியின் பெண்டிக்ஸ் ட்ரம் செட்டை அப்படியே எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். பார்வைக்கும் பழசு மாறாது, செலவும் கம்மி.

ட்ரம்முக்குப் பகை சூடு. மூடிய சட்டி மாதிரி இருப்பதால் உள்ளே பிறக்கும் சூடு வெளியேற நேரம் ஆகும். மலைச் சாலையில் இறங்கும்போது விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் ட்ரம் சூடேறி விரியும், ஷூ லைனிங் பிடிப்பை இழக்கும். மிதிக்க மிதிக்கப் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். கொடைக்கானலோ ஊட்டியோ இறங்கியவர்களுக்கு அந்தக் கருகல் வாசனை தெரிந்திருக்கும். தண்ணீர் புகுந்தாலும் காயும் வரை இதே சங்கடம். டிஸ்க்கில் இரும்புத் தட்டு திறந்த காற்றில் சுழல்வதால் சூடும் ஈரமும் சீக்கிரம் விலகும். இடது, வலது என்று வண்டியை ஒரு பக்கமாக இழுக்கும் குணமும் குறைவு.

பிரேக் பிடிக்கும்போது எந்த வண்டியின் எடையும் முன்னோக்கிச் சாயும். நிற்க வைக்கும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்குத்தான். அதனால் முன்னால் மட்டும் டிஸ்க், பின்னால் பழைய ட்ரம்மே இருக்கட்டும் என்பதுதான் பொதுவான வழி. பின் ட்ரம்மை விட்டுவைப்பதில் கூடுதல் லாபம், கை பிரேக் கேபிள் பழையபடியே வேலை செய்யும். செவ்ரலே கம்பெனியே தன் பிக்கப்புகளில் 1971-ல் இந்த ஏற்பாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது: முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம்.

இதற்கான கிட் அமெரிக்காவில் தபாலில் வரும். பழைய ஆக்ஸிலின் முனையில் ஒரு பிராக்கெட்டை போல்ட் போட்டு, அதில் பிற்கால ஜி.எம். வண்டிகளின் கேலிப்பரை மாட்டுவார்கள். ஆறு போல்ட் சக்கரம் அப்படியே இருக்கும். சேசிஸை வெட்ட வேண்டாம், வெல்டிங் வேண்டாம். முன் சக்கரத்தில் இருந்த பழைய பால் பேரிங் போய், டேப்பர் ரோலர் பேரிங் வந்துவிடும். கழற்றிய பழைய பாகங்களைத் துடைத்து ஒரு பெட்டியில் போட்டு வைத்தால், நாளைக்கே மனசு மாறினாலும் பழையபடி ஆக்கிவிடலாம். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒன்றைத் தொட்டால் ஐந்தைத் தொட வேண்டும்

இனிமேல்தான் பலர் சறுக்கும் இடம். டிஸ்க் மாட்டியாயிற்று, வேலை முடிந்தது என்று கிளம்பினால் வண்டி பழசைவிட மோசமாக நிற்கக்கூடும். காரணம், பிரேக் என்பது தனித்தனிப் பாகங்களாகக் கடையில் கிடைத்தாலும் வண்டியில் ஒரே உடம்பாகத்தான் வேலை செய்கிறது.

முதலில், மிச்ச அழுத்தம். பழைய ட்ரம் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு குட்டி வால்வு இருக்கும். பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் குழாயில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை அது பிடித்து வைத்திருக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர் சுருங்கிக் காற்றை இழுத்துவிடாமல் இருக்க அது தேவை. கார் டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று அடைக்கிறோம் இல்லையா, அதில் மூன்றில் ஒரு பங்கு. ட்ரம்மில் ஷூவைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் உண்டு, அதனால் இந்த அழுத்தம் ஒன்றும் செய்யாது. டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் கிடையாது. அதே 10 பி.எஸ்.ஐ. டிஸ்க் குழாயில் நின்றால், பேடு தட்டை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். பத்து கிலோமீட்டர் போவதற்குள் சக்கரம் கொதிக்கும்.

சரி, வால்வே வேண்டாம் என்று கழற்றிப் போடலாமா? அதிலும் ஒரு சிக்கல். 3100-ன் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருக்கிறது என்றேன். கேலிப்பரின் உயரத்துக்குச் சமமாகவோ அதைவிடத் தாழ்வாகவோ அது அமைவதால், நிறுத்தி வைத்திருக்கும்போது ஆயில் கேலிப்பரில் இருந்து மெல்ல இறங்கித் திரும்பிவிடும். மறுநாள் காலையில் முதல் மிதியில் பெடல் காலியாக இறங்கும். அதைத் தடுக்க டிஸ்க் குழாயில் 2 பி.எஸ்.ஐ. வால்வு, ட்ரம் குழாயில் 10 பி.எஸ்.ஐ. வால்வு என்று தனித்தனியாகப் போட வேண்டும். விரல் நீள சாமான்தான். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டால் மேலே சொன்ன கொதிப்புதான்.

இரண்டாவது, முன்னுக்கும் பின்னுக்குமான பங்கீடு. பிக்கப் வண்டிக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் காலி வண்டியில் தொட்டிக்கு மேல் எடையே கிடையாது. பின் சக்கரம் லேசாகத்தான் ரோட்டில் உட்கார்ந்திருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அழுத்தம் போனால் பின் சக்கரங்கள் முதலில் லாக் ஆகிவிடும். லாக் ஆன சக்கரம் வழுக்கும். வால் பக்கம் முன்னால் வரப் பார்க்கும். மழைக்காலத்தில் காலி மினி லாரி ஒன்று ரோட்டில் பம்பரமாகச் சுற்றி நிற்பதைப் பார்த்திருந்தால் இது புரியும். பின் குழாயில் ஒரு ப்ரொபோர்ஷனிங் வால்வு போட்டு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். திருகி அட்ஜஸ்ட் செய்யும் வகை கிடைக்கிறது. காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்து, முன் சக்கரம் முதலில் லாக் ஆகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வைப்பார்கள்.

மூன்றாவது, கால் வலி. ட்ரம்மின் தானே இறுகும் குணம் டிஸ்க்கில் இல்லை. அதே பிடிப்புக்கு அதிக அழுத்தம் வேண்டும். அதனால் வேக்குவம் பூஸ்டர் சேர்க்கலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் விட்டத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டலாம். விட்டம் குறைந்தால் பெடல் அதிக தூரம் இறங்க வேண்டியிருக்கும். ஒன்று கொடுத்து ஒன்று வாங்குகிற கணக்கு. 3100-ல் பூஸ்டரும் தரைக்கு அடியில்தான் போக வேண்டும். பெரிய பூஸ்டருக்கு அங்கே இடம் இருக்காது, அதனால் சிறிய விட்டத்தில் இரட்டை டயாஃப்ரம் உள்ளதைத் தேடுவார்கள்.

சக்கரத்தின் உள்பக்கம் கேலிப்பரில் உரசுகிறதா என்பதைக் கிட் வாங்கும் முன்பே அளந்துவிட வேண்டும். பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 ஒரு குடும்பம். சிலிக்கான் ரக டாட் 5 வேறு குடும்பம், இரண்டும் சேராது. பெயரைப் பார்த்து டாட் 5.1-ஐ டாட் 5-ன் தம்பி என்று நினைத்துவிடாதீர்கள், அது முதல் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தப் பெயர் வைத்தவர்களிடம் யாராவது பேச வேண்டும்.

நுகத்தடியும் முன் சஸ்பென்ஷனும்

பிரேக் ஆயிற்று. இனி முன் பக்கம். 3100-ன் முன் ஆக்ஸில் ஒரே இரும்புத் துண்டு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'ஐ' எழுத்து போல இருக்கும். இரண்டு முனையிலும் சக்கரம், இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டை அடுக்கு. ஒரு நுகத்தடியில் இரண்டு மாடு பூட்டியது மாதிரி. ஒரு மாடு பள்ளத்தில் கால் வைத்தால் மற்றதன் கழுத்தும் சாயும். இடது சக்கரம் குழியில் இறங்கினால் வலது சக்கரமும் சாய்கிறது, ஸ்டியரிங் கையில் துள்ளுகிறது. சுமைக்கு ஏற்ற பட்டை என்பதால் காலி வண்டியில் தூக்கித் தூக்கிப் போடும்.

"இது பழைய டிசைன், தூக்கிப் போடு" என்ற முடிவுக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் தேய்ந்தது வீல் பேரிங். அப்போதும் ஆடினால் கிங் பின். கதவுக்குக் கீல் எப்படியோ, திரும்பும் சக்கரத்துக்குக் கிங் பின் அப்படி. அதற்கும் அதன் புஷ்ஷுக்கும் கிரீஸ்தான் உயிர். வருடக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியில் யார் கிரீஸ் அடித்திருப்பார்கள்?

'ரோட்டில் அலைபாய்கிறது, நேராகப் போகவே மாட்டேன் என்கிறது' என்று திட்டு வாங்கும் பழைய பிக்கப்புகளில் பெரும்பாலானவற்றின் குற்றம் டிசைனில் இல்லை, தேய்மானத்தில் இருக்கிறது என்பதுதான் என் எண்ணம். கிங் பின், புஷ், டை ராடு முனை, ஸ்பிரிங் ஷேக்கிள் புஷ் எல்லாம் புதிதாகப் போட்டு, பட்டைகளின் நடுவே உள்ள துருவைச் சுரண்டி, நல்ல ஷாக் அப்சார்பர் மாட்டி, வீல் அலைன்மென்ட் பார்த்தால் அந்த நுகத்தடியே மரியாதையாக நடந்துகொள்ளும். இன்னும் மென்மை வேண்டுமானால், பட்டைகள் குறைவான புது ஸ்பிரிங் செட் கிடைக்கிறது. மணிக்கு 80-க்குள் ஓட்டுகிறவருக்கு இதற்கு மேல் தேவையில்லை.

அதற்கும் மேலே போக விரும்புகிறவர்களுக்கு இருக்கிற பிரபலமான பெயர் ஒன்று கொஞ்சம் வேடிக்கையானது: மஸ்டாங் II. ஃபோர்டு கம்பெனி 1974 முதல் 1978 வரை விற்ற சின்ன மஸ்டாங். பழைய மஸ்டாங் ரசிகர்கள் இதைக் கரித்துக் கொட்டாத நாள் இல்லை. ஆனால் அதன் முன் சஸ்பென்ஷன் மட்டும் சாகாவரம் வாங்கிவிட்டது. இரு சக்கரமும் தனித்தனியாக இயங்கும், காயில் ஸ்பிரிங், ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங். எல்லாம் ஒரு குறுக்குச் சட்டத்துக்குள் அடங்கிவிடும். கச்சிதமாக இருப்பதால் எந்தப் பழைய வண்டியின் அடியிலும் நுழைக்கலாம். இன்று கிட்டாக வருவதில் அந்தக் காரின் பாகங்கள் அநேகமாக இருக்காது. பெயரும் அமைப்பும்தான் மிச்சம். பிக்கப்பின் எடைக்கு ஏற்ற கனமான கைகளும் பெரிய டிஸ்க்கும் சேர்த்தே வரும்.

ஓட்டிப் பார்த்தவர்கள் கார் மாதிரி போகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்குக் கொடுக்க வேண்டியது என்ன? பழைய ஸ்பிரிங் பிடிகளை வெட்டி எறிய வேண்டும். சேசிஸின் இரு தண்டுகளுக்கும் உள்ளே தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும். புதுக் குறுக்குச் சட்டத்தை வெல்டிங் செய்ய வேண்டும். எஞ்சின் மவுண்ட், ஆயில் சம்ப், ரேடியேட்டர் எல்லாவற்றுக்கும் மறுபடி இடம் பார்க்க வேண்டும். சமதரையில் சேசிஸை நிறுத்தி, மூலைக்கு மூலை அளவெடுத்து, சக்கரத்தின் மையக்கோடு மாறாமல் பற்றவைக்கவில்லை என்றால், பிறகு எந்த அலைன்மென்ட் கடையிலும் அதைச் சரி செய்ய முடியாது. வண்டியின் முழு முன்பாரமும் அந்த வெல்டிங் தையலில்தான் நிற்கிறது. யூடியூபைப் பார்த்துவிட்டு வீட்டு ஷெட்டில் முயற்சி செய்கிற வேலை இல்லை இது. பெட்டியில் போட்டு வைத்துத் திரும்ப மாட்டவும் முடியாது, வெட்டியது வெட்டியதுதான்.

நம்மூர் பழைய வண்டிகளுக்கு?

இதைப் படித்துவிட்டு, வீட்டு வாசலில் நிற்கும் அப்பாவின் பழைய ஜீப்பை ஒரு பார்வை பார்ப்பவர்கள் இருப்பீர்கள். அடிப்படை ஒன்றுதான். மகிந்திரா உரிமம் வாங்கித் தயாரித்த வில்லிஸ் ஜீப்பிலும் தரையைத் துளைத்து வரும் பெடல், ட்ரம் பிரேக், ஸ்பிரிங் பட்டை, முழு ஆக்ஸில். ஆனால் சட்டம் வேறு.

இந்தியாவில் 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள், தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. 50 வயது தாண்டிய இரு சக்கர வாகனங்களுக்கும் கார், ஜீப் போன்ற பயணிகள் வாகனங்களுக்கும் 2021-ல் மத்திய அரசு வின்டேஜ் பதிவு முறை கொண்டுவந்தது. 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு வரும் நம்பர் பிளேட் அதற்கானது. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அமெரிக்கர் போல சேசிஸை வெட்டி மஸ்டாங் II மாட்டினால் இந்தத் தகுதி போய்விடும். அதனால் வாஷர், ஹோஸ், குழாய், லைனிங், கிங் பின் எனப் பழையதையே புதிதாக்கும் வேலையை முதலில் முடியுங்கள். அதைத் தாண்டி டிஸ்க், பூஸ்டர் என்று போவதாக இருந்தால், பட்டறைக்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கையில் ஸ்பேனர் எடுக்கும் முன்

பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ட்ரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதுவது நம் பட்டறைகளில் சாதாரணம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தால் போகாது. ஈரத் துணியால் துடைத்து, துணியையும் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகளை அந்த நேரத்தில் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

ஏர் எடுக்கும் வேலைக்கு வேண்டுமானால் வீட்டில் யாரையாவது கூப்பிடலாம். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தின் அருகே நிப்பிளைத் திறந்து மூடுவார். "மிதி", "பிடி", "விடு" மூன்று வார்த்தை போதும். புது மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன்பே மேஜையில் வைத்து ஏர் எடுத்துவிட வேண்டும். பிறகு தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி அருகே வர வேண்டும். காலை எடுக்கும் முன் நிப்பிளை மூடவில்லை என்றால் காற்று மறுபடி உள்ளே போய்விடும், முதலில் இருந்து ஆரம்பிக்கணும். சாதாரண பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், எனவே புது மட்கார்டில் கை வைக்காதீர்கள்.

முதல் ஓட்டம் தெருவில் வேண்டாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்பே பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. இறங்கவில்லை என்றால் காலி மைதானத்தில் 20-ல் போய் நிறுத்துங்கள், பிறகு 30, பிறகு 50. ஒவ்வொரு முறையும் இறங்கி நான்கு சக்கரத்தின் அருகிலும் கை காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அந்தப் பக்கம் ஏதோ பிடித்துக்கொண்டு நிற்கிறது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கி, ஆயில் மட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: இதே 3100-ன் 6 வோல்ட் பேட்டரியை 12 வோல்ட்டுக்கு மாற்றினால் ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் என்ன ஆகும்?